கீரைச் சந்தைக்கு அனுமதி வாங்கிய பதினொரு மாதங்கள்

வவுனியா நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து எங்கள் குடியிருப்புக்கு ஐந்து கிலோமீற்றருக்கும் குறைவான தூரந்தான். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும், தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்களில் பல வருடங்களைக் கழித்தவர்களும், 2009க்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியேறிச் சொந்த ஊருக்குப் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுமாக ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. ஆண்களில் பெரும்பாலானோர் நாட்கூலிக்குப் போகிறார்கள். இளம் பெண்களில் பலர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய், மாலை ஆறு மணியளவில் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். நான் இங்குள்ள முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன்.

2023 ஜனவரியில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் முன்பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் நிறையை எடுத்தார். வளர்ச்சிப் பதிவேட்டில் சில பிள்ளைகளின் புள்ளி பச்சைப் பட்டையிலிருந்து கீழிறங்கி, நிறை குறைவைக் காட்டும் செம்மஞ்சள் பட்டைக்குள் விழுந்திருந்தது. முந்திய வருடம் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதை அவர் அறிவார். ஆகவே கையிலுள்ளதைச் சொன்னார்: கீரை, மஞ்சள் நிற மரக்கறி, முட்டை, நெத்தலி, பயறு. அப்போது தொழிற்சாலைக்குப் போகும் தாய் ஒருவர், “குடுக்கலாம் மிஸ், ஆனா எங்க வாங்கிறது? நான் வந்து இறங்கேக்க சந்தை முடிஞ்சிடும்” என்று கேட்டார். அந்த அறையில் இருந்த எவரிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. வெட்கத்தோடுதான் நான் அன்று வீடு திரும்பினேன், ஏனென்றால் “சத்தான சாப்பாடு கட்டிக் குடுங்கோ” என்று நானும் பல வருடங்களாகத் தாய்மாரிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் குடியிருப்பில் உள்ள ஆறு கடைகளுக்கும் கொப்பியோடு போனேன். கோதுமை மா, சீனி, பாண், பிஸ்கற், நூடில்ஸ், சோடா ஆகியவை ஆறிலும் இருந்தன. உருளைக்கிழங்கும் வெங்காயமும் நான்கில் இருந்தன. கீரை எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடையில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் கத்தரிக்காயும் போஞ்சியும் வரும் என்றார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிஸ்கற் பெட்டி மாதக் கணக்கில் இருக்கும், ஆனால் குளிரூட்டி இல்லாத கடையில் முளைக்கீரைக் கட்டு மறுநாட் காலையில் குப்பைக்குப் போய்விடும். அந்த நட்டத்தை அவர் யாரிடம் வாங்குவது? நகரச் சந்தைக்குப் போய்வர ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் மரக்கறி வாங்கலாம் என்பதையும் அன்றுதான் கணக்குப் பார்த்தேன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. வருடத்துக்கு முன் நூறு ரூபா கொடுத்த பொருளுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டிய நிலையில், எங்கள் வீடுகள் முதலில் கைவிட்டது மரக்கறியைத்தான். சோறும் ஒரு குழம்பும் போதும் என்ற பழக்கம் அப்போது வந்தது, விலை இறங்கிய பின்னும் அது போகவில்லை.

இதிலே எனக்கு மிகவும் வருத்தம் தந்த விடயம் வேறொன்று. எங்களிடமிருந்து மூன்று கிலோமீற்றர் தள்ளிக் குளத்துக்குக் கீழே வெண்டியும் பயற்றங்காயும் பூசணியும் விளைகின்றன. அவை மொத்தச் சந்தைக்குப் போகின்றன. வடக்கின் சந்தைகளில் விவசாயியிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைப் பணம் கொடுக்காமல் கழிவாக எடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது, எங்கள் அயற்கிராமத்து விவசாயிகளும் அதைக் கொடுத்தே விற்றார்கள். மறுபுறம், எங்கள் கடைக்கு வரும் போஞ்சியும் கரட்டும் நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியுள்ள தம்புள்ளையிலிருந்து ஏ9 வீதியால் லொறியில் வருகின்றன. கிட்ட விளைவது எங்களைத் தாண்டிப் போக, எட்ட விளைவது வாடி வதங்கி எங்களிடம் வந்தது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இந்தக் கதையை எடுத்தேன். பொதுநோக்கு மண்டப முற்றத்தில் வாரத்தில் ஒரு நாள் மாலை நாலரையிலிருந்து ஏழரை வரை சிறு சந்தை வைப்பது, வீட்டு வளவுகளில் உள்ள கீரையையும் அயற்கிராமத்து மரக்கறியையும் அங்கே விற்பது என்று முடிவாயிற்று. நாள் வெள்ளிக்கிழமை, ஏனென்றால் சைவ வீடுகளில் அன்று மரக்கறிச் சமையல். 2023 பெப்ரவரி நடுப்பகுதியில் முதற் கடிதம் எழுதினோம். ஒரு மாதத்தில் அனுமதி வந்துவிடும் என்று நம்பினோம்.

நாங்கள் அறியாமல் இருந்தது என்னவென்றால், மண்டபமும் முற்றமும் ஒரு நிர்வாகத்தின் கீழ் வர, சந்தை நடத்தும் அதிகாரம் இன்னொன்றின் கீழ் வருகிறது. மண்டபத்தைப் பயன்படுத்தக் கிராம அலுவலரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். பொது இடத்தில் வியாபாரம் செய்ய உள்ளூராட்சி சபையின் இணக்கம் வேண்டும். முதலாவது அனுமதி மூன்று வாரத்தில் கிடைத்தது, இரண்டாவதுக்குத்தான் மாதங்கள் போயின. அந்த நேரம் பார்த்து, 2023 மார்ச் 19ஆம் திகதியோடு நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் வட்டாரத்துக்கென்று போய்ச் சொல்லத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை, எல்லாம் அதிகாரிகளின் மேசையில் இருந்தது. எங்கள் கடிதம் இரண்டு முறை காணாமற் போனது. மூன்றாவது முறை கொடுத்தபோது பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு வந்தேன். இதைப் போன்ற வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளிலேயே அதைச் செய்ய வேண்டும்.

யூலையில் அழைப்பு வந்தது. நகரச் சந்தை வருடக் குத்தகைக்கு விடப்படுவது என்றும், புதிதாக ஒரு சந்தை தொடங்கினால் குத்தகைக்காரர் ஆட்சேபிப்பார் என்றும் சொன்னார்கள். எங்கள் தலைவி அக்கா அமைதியாகக் கேட்டார்: “ஐயா, எங்கட சனம் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வருது. அந்தச் சந்தை அப்ப மூடியிருக்கும். இல்லாத ஆக்களை நாங்கள் எப்பிடி அவையளிட்ட இருந்து பறிக்கிறது?” அந்தக் கேள்வியை எழுத்தில் தரச் சொன்னார்கள். நான் எழுதியதோடு ஆறு கடைகளில் எடுத்த பட்டியலையும், தொழிற்சாலை பஸ் வரும் நேரத்தையும், அறுபத்திரண்டு வீடுகளின் கையொப்பத்தையும் இணைத்தேன். அந்தப் பட்டியல்தான் கோப்பை நகர்த்தியது என்று பின்னர் ஓர் உத்தியோகத்தர் சொன்னார். “சந்தை” என்ற சொல்லுக்குப் பதிலாக “வீட்டுத்தோட்ட உற்பத்தி விற்பனை” என்று விண்ணப்பத்தை மாற்றி எழுதும்படியும் அவரே ஆலோசனை தந்தார். அது பொய்யல்ல, நாங்கள் செய்ய இருந்ததும் அதுவே.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். மரக்கறியை நிலத்தில் பரப்பாமல் மேசையில் வைக்க வேண்டும், கழுவும் நீர் சுத்தமாக இருக்க வேண்டும், முற்றத்தில் நாய் நுழையாமல் வேலி வேண்டும் என்றார். இலைக்கஞ்சி காய்ச்சி விற்கும் ஆசையையும் சொன்னோம். சமைத்த உணவென்றால் கையாள்வோருக்கு மருத்துவப் பரிசோதனை முதலாக வேறு ஒழுங்குகள் உண்டு, முதலில் பச்சைப் பொருளோடு தொடங்குங்கள் என்றார். அது நல்ல புத்தி. தராசு விடயத்திலும் இதேபோல ஒரு வழி கிடைத்தது. வியாபாரத் தராசுக்கு ஒவ்வொரு வருடமும் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும், எங்கள் பகுதிக்குக் குறித்த நாள் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே முதல் மாதங்களில் எல்லாவற்றையும் கட்டாகவும் எண்ணிக்கையாகவும் விற்றோம். கீரை கட்டு, வாழைக்காய் எண்ணிக்கை, பூசணி துண்டு. தராசு வாங்கப் பணமில்லாதவர்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

2024 ஜனவரி 12ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு முந்திய வெள்ளி, ஐந்து மேசைகளோடு தொடங்கினோம். மழை முடிந்த காலம் ஆதலால் வளவுகளில் பொன்னாங்காணியும் பசளியும் செழித்திருந்தன, முருங்கையிலும் அகத்தியிலும் கை வைத்த இடமெல்லாம் இலை. ஒரு கட்டு அறுபது ரூபா. ஏழு மணிக்கு முன் மேசைகள் வெறுமையாயின.

மூன்றாம் கிழமை விற்பனை பாதியாகக் குறைந்தது. ஏன் என்று விளங்காமல் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருவரும் நேரே சொல்லவில்லை. கடைசியில் என்னோடு படித்த ஒருத்தி சொன்னாள்: “எனக்குக் கடைக் கொப்பியில ஏழாயிரம் நிக்குது. அந்தக் காசைக் குடுக்காமல் உங்களிட்ட கைக்காசுக்குக் கீரை வாங்கிக்கொண்டு அவற்ற கடை வாசலால எப்பிடி நடக்கிறது?” தூரமும் நேரமும்தான் தடை என்று எண்ணி ஒரு வருடம் அலைந்த எனக்கு, மூன்றாவது தடை கடன் கொப்பி என்பது அன்றுதான் தெரிந்தது. நாட்கூலி வீடுகள் வேலையில்லாத நாளில் உயிர் வாழ்வது அந்தக் கொப்பியினால்தான். அந்தக் கொப்பியில் எழுதக்கூடிய பொருள் மாவும் சீனியும் பாணுமாக இருக்கும்வரை, பிள்ளையின் தட்டிலும் அவையே இருக்கும். கிளினிக்கில் கொடுக்கும் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

கடைக்காரரை விலக்கி வைத்துச் சந்தை நடத்த முடியாது என்று சங்கத்தில் வாதிட்டேன். சிலர் கோபித்தார்கள். ஆயினும் இரண்டு கடைக்காரரை அழைத்துப் பேசினோம். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் இருபது கட்டுக் கீரையை நாங்கள் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர் தம் கொப்பியிலேயே எழுதி விற்பது, விற்காத கட்டை மறுநாட் காலை நாங்களே திருப்பி எடுப்பது, பணத்தை மாதத்தில் பதினைந்தாம் திகதி, தொழிற்சாலைச் சம்பளம் வந்தபின் வாங்குவது என்பது ஒப்பந்தம். இதனால் கீரை கொடுத்த பெண்களுக்குப் பணம் பிந்தக் கூடாதென்று, இருபத்திரண்டு அங்கத்தவர்கள் ஆளுக்கு 500 ரூபா போட்டு 11,000 ரூபாவில் ஒரு சுழற்சி நிதி வைத்தோம். கடைக்காரருக்கு நட்டப் பயம் போனது. திரும்பி வரும் கட்டுகள் முன்பள்ளியின் காலைக் கஞ்சிக்கு வந்தன. இன்றுவரை அந்த நிதியில் முதல் குறையவில்லை.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியதை உண்ணாவிட்டால் இத்தனையும் வீண். முருங்கையிலை வறைக்கு இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விடுவதும், சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுப்பதும் இரும்புச்சத்து உடலிற் சேர உதவும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் சந்தையிலேயே நின்று விளக்கினார். தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுண்டும் எங்கள் வழக்கம் கீரையிலுள்ள விற்றமின் ஏ சேர்வதற்கு நல்லது என்று கேட்டபோது வயதான அம்மாமாருக்கு வந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது. பிள்ளைகள் வறையை ஒதுக்கினார்கள், ஆனால் அதையே குரக்கன் ரொட்டிக்குள் பிசைந்து சுட்டால் மிச்சமில்லாமல் தின்றார்கள்.

எல்லாம் கைகூடவில்லை. 2024 ஆகஸ்ட்டில் கிணறுகள் வற்றியபோது முளைக்கீரை அற்றுப்போய், கழுவிய தண்ணீரில் தாக்குப்பிடித்த முருங்கையும் அகத்தியும் மட்டுமே மேசையில் இருந்தன. நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் முற்றம் மூழ்கி, சந்தை நின்றுபோனது, தோட்டங்களும் அழுகின. குரங்குகளுக்கு இன்றும் மாற்று வழி கிடைக்கவில்லை, அவை பப்பாளியைப் பிஞ்சிலேயே முடித்துவிடுகின்றன. முட்டையும் குளத்து மீனும் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் குளிரூட்டி இல்லாததால் தள்ளிப் போகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவுக்கு எங்கள் வீடுகள் இன்னும் வெகு தூரம் போக வேண்டும்.

தராசு வாங்கி முத்திரையும் போட்டாயிற்று. அயற்கிராமத்திலிருந்து இரண்டு விவசாயிகள் மோட்டார் சைக்கிளில் வெண்டியும் பூசணியும் கொண்டுவருகிறார்கள். இங்கே கழிவு எடுப்பதில்லை, நூறு கிலோவுக்கு நூறு கிலோவின் பணம். முற்றத்துக்குத் தகரக் கூரை போடப் புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி முன்பள்ளி அலுமாரியில் வைத்திருக்கிறேன். மாரி தொடங்குமுன் பதில் வராவிட்டால் தலைவி அக்காவும் நானும் மறுபடி போவோம்.