வெள்ளையடிப்பு பாதியில், நாங்கள் வேளாங்கண்ணியில்

கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருக்கும்போது வேளாங்கண்ணி போகலாம் என்று அம்மா சொன்னதும் வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. வெள்ளையடிப்பு முன்ஹாலோடு நிற்கிறது. முறுக்குக்கு அரிசி இன்னும் அரைக்கவில்லை. தையல்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார். இதற்கு நடுவில் எனக்குப் பாடகர் குழு ஒத்திகை வேறு. அம்மாவோ அசையவே இல்லை. "திருநாளுக்கு முன்னாடி வந்து நன்றி சொல்றேன்னு மாதாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். வேலை கிடக்கட்டும், அது எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

போன டிசம்பரில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் செபமாலையும் கையுமாக உட்கார்ந்து அம்மா நேர்ந்துகொண்டது இது: அவர் பிழைத்து எழுந்தால், அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து மண்பாதையில் முழங்காலிட்டு மாதா குளம் வரை வருவேன். இப்போது அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏறுவதே பாடு. அதனால் முழங்காலிடுவது நான், பக்கத்தில் நடந்தபடி செபமாலை சொல்வது அம்மா என்று முடிவானது. அண்ணி வீட்டையும் அப்பாவையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்களை அனுப்பிவைத்தார்.

திருச்சியிலிருந்து ராத்திரி பஸ். தஞ்சாவூர் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் எங்கோ இருட்டில் வண்டி ரொம்ப நேரம் நின்றது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஒழுகி அம்மாவின் புடவை நனைந்துவிட்டது. அதைப் பிழிந்துவிட்டு, செபமாலையில் அடுத்த பத்து மணிச் செபத்தைத் தொடங்கினார்.

இறங்கின இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. விடிவதற்குள் லாட்ஜ் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள், ஒருவர் பையையே பிடித்து இழுத்தார். மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு, வேண்டாம் என்றால் பின்னாலேயே வந்து சண்டை போடுகிறார்கள். கடன் வாங்கி, நோயாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் வருகிற இடம் இது. அவர்களை இப்படிப் பிடுங்கலாமா? மனசு ஆறவில்லை.

காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேர்ந்தோம். டிசம்பர் 22, திங்கட்கிழமை. அன்றைய நற்செய்தி மரியாளின் நன்றிப் பாடல், லூக்கா முதல் அதிகாரம். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம்தான். ஆனாலும் ராத்திரி முழுக்க வேலைக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்த தலையில் அது வேறு மாதிரி இறங்கியது. அந்த அம்மா என்ன தயாராக வைத்துக்கொண்டு பாடினார்? குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஊர் என்ன பேசுமோ தெரியாது. மலைநாட்டுக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்து, உறவுக்காரர் வீட்டில் நின்றுகொண்டு பாடுகிறார். பெத்லகேமில் தங்க இடம் கிடைக்காத கதையெல்லாம் இனிமேல்தான். எதுவுமே முடியாதபோதே நன்றி முதலில் வந்துவிட்டது.

அப்புறம் மண்பாதை. மழையில் மணல் இறுகிக் கிடந்தது, கொஞ்ச தூரத்திலேயே முட்டி எரிய ஆரம்பித்தது. அம்மா "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, நான் பதில் சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். ஒரு கட்டத்தில் செபத்தோடு வீட்டு ஞாபகமும் கலந்து வந்தது. தையல்காரர் தாமதத்துக்குக் காரணம் அப்பாவின் சட்டை. பழைய அளவு சரிப்படாது, இளைத்துவிட்டார் என்று புதிதாக அளவெடுத்தார்கள். போன வருஷம் அவருக்குச் சட்டையே எடுக்கவில்லை. வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை, 25ஆம் தேதி காலையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆளுக்கொரு டீ குடித்தோம். வெள்ளையடிப்பும் முறுக்கும் தையல்காரரோடு மல்லுக்கட்டுவதும் இருக்கிற ஒரு கிறிஸ்துமஸைத்தானே அந்த வராண்டாவில் அழுது அழுது கேட்டோம். மாதா அதை அப்படியே கொடுத்திருக்கிறார். அதற்குமேல் என்னால் பதில் செபம் சொல்ல முடியவில்லை. அம்மா நிறுத்தாமல் இரண்டு பங்கையும் தானே சொல்லிக்கொண்டு நடந்தார். எதிரே வந்த யாரோ ஒரு பாட்டி, கேட்காமலேயே என் முட்டிக்குக் கீழே தன் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனார். அவரை மறுபடி பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு மாதா எல்லாம் கொடுக்கட்டும்.

பேராலயத்தில் பீடத்துக்கு முன்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது, "நகருங்க, நகருங்க" என்று குரல். பட்டுப்புடவையில் பாலனை ஏந்தி நிற்கிற ஆரோக்கிய மாதா. கேட்பதற்கு என்னிடம் பெரிய பட்டியலே இருந்தது: தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், என் வேலை. ஒன்றுகூட வாயில் வரவில்லை. நன்றி தாயே, நன்றி தாயே என்பது மட்டும்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழவேயில்லை. அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான் ஒன்றை முந்தானையில் முடிந்து வந்திருந்தார். அதை மாதாவுக்கு நேரே ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

கிளம்புமுன் கடற்கரைக்குப் போனோம். 2004 டிசம்பர் 26 அன்று, திருநாளுக்கு வந்து இந்தக் கரையில் சுனாமியில் போனவர்களுக்காக அம்மா எப்போதும் ஒரு பத்து மணி சொல்வார். சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

நாகப்பட்டினம் வருவதற்குள் அண்ணி போன் செய்தார். பெயின்டர் இன்றைக்கும் வரவில்லையாம். சட்டை வந்துவிட்டதாம், அப்பா போட்டுப் பார்த்து, தோள் சரியாக இருக்கிறது என்றாராம். முறுக்கை ராத்திரி உட்கார்ந்து சுட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். தாயே, இந்த வருஷம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடுராத்திரித் திருப்பலிக்குப் போகப்போகிறோம். உமக்குக் கோடி நன்றி.