வரிசைகள் மறைந்த பின்னும் தீராத நெருக்கடி

இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022 ஆம் ஆண்டைப் பற்றி இன்று பேசுபவர்கள் பெரும்பாலும் வரிசைகளையே நினைவுகூர்கிறார்கள். எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னே இரவு பகலாக நின்ற வாகனங்களும், வெற்றுச் சமையல் எரிவாயு சிலிண்டர்களோடு வீதியோரத்தில் காத்திருந்த பெண்களும், மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும் நம் கண்ணுக்குத் தெரிந்தவை. அவை மறைந்ததும் நாடு மீண்டுவிட்டது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனெனில், அந்த நெருக்கடியின் பெரும் சுமை வரிசைகள் கலைந்த பிறகுதான், குரல் எழுப்ப வலுவற்றவர்களின் தோளில் சத்தமின்றி இறக்கி வைக்கப்பட்டது.

வீழ்ச்சி ஒரே நாளில் வரவில்லை. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சம்பளத்திலிருந்து கழிக்கப்படும், உழைக்கும்போது செலுத்தும் வரி நீக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்த வேளையில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலால் ஏற்கெனவே அடிபட்டிருந்த சுற்றுலாத்துறையைக் கொரோனா முடக்கியது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டு, நவம்பரில் அது விலக்கப்பட்டபோது பெரும்போகம் எனப்படும் முக்கிய நெற்பருவத்தின் விதைப்பு தொடங்கியிருந்தது. நெல் விளைச்சல் பெரிதும் குறைந்து, அரிசியைக் கப்பலில் இறக்க வேண்டிய நிலைக்கு நாடு வந்தது. இவ்வளவுக்கும் இடையில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 ஜனவரியில், அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நிலையிலும், முதிர்ச்சியடைந்த 500 மில்லியன் டொலர் இறையாண்மைப் பிணைமுறி, அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் பத்திரம் விற்றுப் பெற்ற கடன், முழுமையாகச் செலுத்தப்பட்டது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தும் அறிவிப்பு ஏப்ரல் 12 இல் வந்தது; பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் கூறினார். அந்த 500 மில்லியனில் எத்தனை மாத மருந்து வந்திருக்கும் என்ற கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

மார்ச் மாதத்தில் ரூபாயைப் பிடித்து வைப்பது கைவிடப்பட்டதும் டொலரின் விலை மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டு 1,000 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 1,950 ரூபாய் தேவைப்பட்டது என்பதே இதன் பொருள்.

மலையகத்தில் இது எப்படி இறங்கியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அன்று அது ஐந்து டொலர். ஓராண்டு கடந்து மூன்று டொலருக்கும் கீழே போனது. அவர்கள் பறிக்கும் கொழுந்தோ டொலருக்கு விற்கப்படுவது. ரூபாய் விழுந்ததும் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறியது. உரமும் எரிபொருளும் விலை ஏறியதால் தோட்டங்களின் செலவும் கூடியது என்பது உண்மைதான். ஆனாலும் நாணயம் சரியும்போது ஏற்றுமதிப் பொருளுக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கேனும் அதைப் பறித்த கைக்கு வந்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 2024 வரை மாறவில்லை. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேநீருமாக ஓடிய லயன் (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) வாழ்க்கையில், மாவின் விலை பல மடங்கானபோது குறைப்பதற்கு வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வாழும் எங்களுக்குத் தட்டுப்பாடு புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியாவும் பற்றரியும் எரிபொருளும் தடுக்கப்பட்டிருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இங்கே இருக்கிறது. அந்தப் பழக்கம் 2022 ஐக் கடக்க ஓரளவு உதவியது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கடற்றொழிலாளருக்கு எந்தப் பழக்கமும் உதவவில்லை. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. முதலில் அது கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியபோது, அந்த ஆண்டு ஓகஸ்டில், லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. வரிசை குறைந்ததற்கு ஒரு காரணம், வரிசையில் நின்றவர்களில் பலரால் இனி வாங்க முடியாமற்போனதே.

இவை அனைத்திலும் என்னை மிகவும் வருத்துவது, தனியார்துறைத் தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் கதை. 2022 இல் விலைகள் அப்படி ஏறிய காலத்தில் அந்த நிதி உறுப்பினருக்கு வழங்கிய வட்டி 9 சதவீதம். அதாவது, ஆடைத் தொழிற்சாலையில் இருபது ஆண்டு தைத்த ஒரு பெண்ணின் சேமிப்பு, ஒரு சதமும் எடுக்கப்படாமலேயே பெறுமதியில் பெருமளவு கரைந்தது. அதன் பிறகு 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, வங்கிகள் விலக்கப்பட்டு, ஓய்வுகால நிதிகளே பழைய பிணைமுறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டன. மறுத்தால் அவற்றின் வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்று சட்டம் சொன்னது. வங்கிகள் விழுந்தால் வைப்பாளர் அனைவரும் விழுவர் என்ற வாதத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் தனியார்துறைத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் இல்லை. அந்த நிதியே முதுமைக்கான முக்கிய பிடிமானம்.

உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021 இல் 13 சதவீதமளவில் இருந்த வறுமை அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 25 சதவீதமானது. அந்த ஓராண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். தாதியரும் மருத்துவரும் பொறியியலாளரும் போனதால் உண்டான வெற்றிடம் மருத்துவமனைகளில் நன்றாகவே தெரிகிறது. பணவீக்கம் பின்னர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, ஆனால் ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவும் அவருடைய சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்டதில் பொதுமக்களின் நம்பிக்கையை மீறிச் செயற்பட்டார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. அது முக்கியமான தீர்ப்பு. ஆனால் மனுதாரர்களின் வழக்குச் செலவைத் தவிர அதில் பணமாக எதுவும் உத்தரவிடப்படவில்லை. தவறு யாருடையது என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, சேமலாப நிதி உறுப்பினர்கள் இழந்த பெறுமதியைக் கணக்கிட்டு, அதை வரவுசெலவுத் திட்டத்தின் வழியே தவணை முறையிலாவது ஈடுசெய்ய வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் நாடாளுமன்றத்திலுள்ள நம் பிரதிநிதிகளும் கேட்க வேண்டும்.