பார்த்தால் தெரியலையே

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஊர் எது என்று கேட்டார்கள், மலையகத்துப் பொகவந்தலாவை, தேயிலைத் தோட்டம்தான் என்றேன். "அப்படியா, பார்த்தால் தெரியலையே" என்றார் ஒரு அக்கா. அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு வலித்தது. தோட்டத்துப் பிள்ளை என்றால் எப்படித் தெரிய வேண்டும்?

அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். விடியமுன் எழும்பி, அட்டைக்கடியோடு மலையேறி, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்ற பயத்தோடு கொழுந்து பறித்து, அந்தக் காசில் என்னைப் படிக்க வைத்தவர் அவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்தை நாடற்றவர்களாக்கியதையும் சொன்னேன். "படிக்காத சனம்" என்று சொல்வது சுலபம், ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தினமும் குடிக்கிற தேயிலையை யார் பறித்தார்கள் என்று யோசித்ததே இல்லை என்றார். போன தீபாவளிக்கு தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தார், அம்மா சுட்ட ரொட்டியை அடுப்படியில் உட்கார்ந்தே சாப்பிட்டார்.