ஆயிரம் ரூபிள் நோட்டில் இருக்கும் ஊர்

யாரோஸ்லாவ்ல் எங்கே இருக்கிறது என்று ஊரில் கேட்பவர்களுக்கு, மாஸ்கோவுக்கு வடகிழக்கே ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பேன். ரஷ்யர்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. நான் இங்கே மருத்துவம் படிக்க வந்தபோது புழக்கத்தில் இருந்த ஆயிரம் ரூபிள் நோட்டின் முன்பக்கம் இந்த நகரை நிறுவிய இளவரசர் யாரோஸ்லாவின் சிலை. பின்பக்கம் இதே ஊரின் யோவான் ஸ்நானகர் தேவாலயம். கறிகாய் வாங்க நீட்டும் காசிலேயே பார்க்க வேண்டிய இடம் அச்சாகியிருந்தது. ஆனாலும் எங்கள் விடுதியில் பலர் அதைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

நான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, குளிர்தான். மாணவர் அட்டையைக் காட்டினால் டிக்கெட் விலை குறையும், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் விரட்டமாட்டார்கள். முதலில் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்து எண் போட்ட வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். 'பரவாயில்லை, போட்டுக்கொண்டே பார்க்கிறேன்' என்ற பேச்சு இங்கே எடுபடாது. காலணிமேல் நெகிழி உறையையும் மாட்டச் சொல்வார்கள். பல இடங்களுக்குத் திங்கள் விடுமுறை. மூடுவதற்கு அரை மணி முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவதும் உண்டு.

ஒவ்வொரு கூடத்திலும் நாற்காலி போட்டு ஒரு பெண்மணி காவலுக்கு உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் ஓய்வுபெற்ற வயது. தெருவிலும் பஸ்ஸிலும் யாரும் முகம் கொடுத்துப் பேசாத ஊரில், என் அரைகுறை ரஷ்ய மொழியைப் பொறுமையாகக் கேட்டவர்கள் இவர்கள்தான். வோல்கா, கோதரஸ்ல் ஆறுகள் கூடும் முனைக்கு அருகே, 17ஆம் நூற்றாண்டில் கட்டிய பேராயர் மாளிகையில் கலை அருங்காட்சியகத்தின் பழைய ஐகான்கள், அதாவது வழிபாட்டுக்காகத் தீட்டிய புனிதப் படங்கள், இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்துவின் ஐகான் முன் நான் மூக்கு உரசும் அளவுக்கு நின்றதைப் பார்த்த ஒருவர், தோளைத் தொட்டுப் பின்னால் இழுத்து நிறுத்தி, 'அவர் உன்னைப் பார்க்க இடம் விடு' என்றார். எந்தக் கையேட்டிலும் எனக்கு இப்படி ஒரு பாடம் கிடைத்ததில்லை.

ஆனால் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால், எலியா தீர்க்கதரிசி தேவாலயத்துக்குப் போங்கள். 1647 முதல் 1650 வரை ஸ்கிரிபின் என்ற வணிகச் சகோதரர்கள் கட்டியது. 1680இல் குரி நிகீதின், சீலா சாவின் ஆகியோரின் தலைமையில் ஓவியர்கள் சுவர் முழுவதையும் நிரப்பினார்கள். ஆம்ஸ்டர்டாமில் அச்சான படவிவிலியம் ஒன்று அவர்களுக்கு மாதிரியாக இருந்தது. கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரங்களை எடுத்து, வண்ணங்களைத் தாங்களே சேர்த்தார்கள். எலியாவின் சீடரான எலிசாவின் கதையில் ஓர் அறுவடைக் காட்சி வருகிறது. பொன்னிறக் கதிர்கள் நடுவே வண்ணச் சட்டை போட்டவர்கள் குனிந்து அறுக்கிறார்கள். வெயிலில் தகப்பனிடம் வந்த சிறுவன் 'என் தலை, என் தலை' என்கிறான். தாயின் மடியில் இறந்துபோகிறான். எலிசா அவன்மேல் படுத்து, வாயோடு வாய் வைத்து உயிர்ப்பிக்கிறார். செயற்கைச் சுவாசத்தின் வரலாறு பேசும்போது மருத்துவர்கள் எடுத்துச் சொல்லும் கதை இது. பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோனதை இங்கே ஒரு சுவராகப் பார்த்தேன். அறுப்பவர்கள் பழைய இஸ்ரவேலின் ஆட்களாக இல்லை, வோல்கா கரைக் குடியானவர்களாகவே எனக்குத் தெரிந்தார்கள்.

இந்த ஆலயத்தை வெயில் காலத்தில் மட்டுமே திறக்கிறார்கள். மழை ஈரம் ஓவியத்துக்கு ஆகாது என்பதால், மழை நாளில் கதவு பூட்டியிருக்கவும் கூடும். டிக்கெட் வாங்கித்தான் நுழைய வேண்டும். இது அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. நோட்டில் இருக்கும் ஆலயம் கோதரஸ்லுக்கு அப்பால், தோல் பதனிடுவோர் வாழ்ந்த தோல்ச்கொவோவில். பதினைந்து குவிமாடங்கள், பூசாத செங்கல், பக்கத்திலேயே பெயின்ட் தொழிற்சாலை. அந்த அக்கம்பக்கம் பொருத்தமில்லாததாக இருப்பதாலேயே எனக்கு அதைப் பிடிக்கும். ஆற்று முனையில் நிற்கும் உஸ்பென்ஸ்கி பேராலயம் நேர்மாறு. பழையதை 1937இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நகரின் ஆயிரமாவது ஆண்டான 2010க்காக அதைவிடப் பெரிதாக எழுப்பினார்கள். வானளாவ நிற்கிறது, ஆனால் சுற்றியிருக்கும் எதையும் மதிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோடையில் படகேறி 1314இல் தொடங்கிய தோல்கா மடத்துக்குப் போகலாம். பெண்கள் தலைக்குத் துணி கட்டாமல் போக வேண்டாம்; காற்சட்டையோடு வந்த பெண்களுக்குச் சுற்றிக்கொள்ள வாசலிலேயே துணி வைத்திருப்பார்கள். உள்ளே உட்காரப் பெஞ்சு கிடையாது. வழிபாடு முழுவதும் நின்றபடிதான். மெழுகுவர்த்தி விற்கும் மேசையில் நலமாக இருப்போர், மறைந்தோர் என்று தனித்தனிச் சீட்டுகளில் பெயர் எழுதிக் கொடுக்கிறார்கள். பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனைச் சீட்டு வாங்கிய கைக்கு அது பழக்கமான வேலைதான். நானும் பேனாவை எடுத்தேன். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர் மட்டும்தான் எழுதலாம் என்று மேசைக்காரப் பெண் மென்மையாகச் சொல்லி, கூடுதலாக ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தார்.

இங்கே வணங்கப்படும் தோல்கா மாதா ஐகான் சோவியத் காலத்தில் அருங்காட்சியகத்தில் இருந்தது, பிறகு மடத்துக்குத் திரும்பியது. இத்தகைய பொருள்கள் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு இந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. 2010இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. என்னைக் கேட்டால், ஐகான் மடத்தில் இருக்கட்டும், மக்கள் அதன் முன் அழுகிறார்கள். சுவரோவியத்தை மட்டும் ஈரத்தை அளக்கத் தெரிந்தவர்களிடமே விட்டுவிட வேண்டும். மெழுகுவர்த்திப் புகை அந்தக் கதிர்களின் பொன்னிறத்தை எத்தனை நாள் விட்டுவைக்கும்?

அடுத்து நான் போக நினைப்பது, மின்ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய ரஸ்தோவ் வெலிகி என்ற பழைய ஊர். அங்கே சிசோய் என்று பெயருள்ள மணி 32 டன் எடை கொண்டது. விடுதியிலிருந்து இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள்.