நின் பின்: முதலில் எல்லைச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்

வியட்நாம் தலைநகர் ஹனோயிலிருந்து தெற்கே சுமார் 95 கி.மீ. தள்ளி இருக்கிறது நின் பின். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வயல், வயலுக்கு நடுவே ஆறு, தண்ணீரிலிருந்தே முளைத்ததுபோல் நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். கோயில்கள் குன்றின் அடிவாரத்தில், இடுக்கில், குகைக்குள் என்று ஒளிந்திருக்கின்றன. காலையில் பஸ் ஏறி இரவில் ஹனோய் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவில் படகும் படமும்தான் கிடைக்கும். நின்று கும்பிட நேரம் இருக்காது. இரண்டு இரவு தங்குவதுபோல் திட்டமிடுங்கள்.

முதல் காலை டிராங் ஆன் படகுத்துறைக்கு. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் இது. படகுப் பாதைகள் மூன்று உண்டு. கோயிலுக்காகப் போகிறவர்கள் முதல் பாதையைக் கேட்டு ஏற வேண்டும்: 9 குகைகள், 3 கோயில்கள், சுமார் 3 மணி நேரம். சினிமா செட் பார்க்கும் ஆசையில் பலர் இரண்டாம் பாதைக்குப் போனதுண்டு; அந்த செட்டை 2019இல் அகற்றிவிட்டார்கள். படகுக்கு நான்கு பேர். துடுப்புப் போடுகிறவர்களில் பெண்களே அதிகம்.

படகு முதலில் ஒதுங்குவது டென் டிரின் கோயிலில். ‘டிரின்’ என்றால் ‘வந்திருக்கிறோம்’ என்று தெரிவிப்பது. பெரிய சாமியைப் பார்க்குமுன் காவல் தெய்வத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் நம் வழக்கம்தான். படம் எடுக்கும் அவசரத்தில் பலர் இங்கே இறங்குவதே இல்லை. இறங்குங்கள், ஐந்து நிமிடம் போதும். வாசலுக்கு எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கக் கதவால் நுழைந்து இடப்பக்கக் கதவால் வெளியே வருவது முறை. வாசல்படி உயரமாக இருக்கும்; அதை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். ஊதுபத்தி ஒற்றைப்படையில், ஒன்று அல்லது மூன்று. வெளியே உள்ள பெரிய சாம்பல் தொட்டியில்தான் செருக வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். தெய்வத்தின் முன் வெற்றிலையும் பாக்கும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது அவர்களுடைய வழக்கமும்தான்.

அடுத்து வருவன இருட்டுக் குகை, வெளிச்சக் குகை, சாராயம் காய்ச்சிய குகை. பெயர்கள் அப்படியே பொருளுடையவை. இருட்டுக் குகை 300 மீட்டருக்கு மேல் நீளம். சில இடங்களில் கூரை தலைக்கு ஒரு சாண் மேலேதான். உட்கார்ந்தபடியே முழங்கால் மேல் குனிய வேண்டும், கையைப் படகின் விளிம்பில் வைக்கக் கூடாது. பாறைக்கும் படகுக்கும் நடுவே விரல் நசுங்குவதுதான் இங்கே அடிக்கடி நேரும் விபத்து. பலத்த மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறிக் கூரையைத் தொட்டுவிடும். அன்று குகைகளை மூடிவிடுவார்கள்.

வெளியே வந்ததும் குன்றின் அடியைக் கவனியுங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, பாறை உள்வாங்கி, கத்தியால் சீவியதுபோல் ஒரு பள்ளம் குன்றைச் சுற்றி ஓடும். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு விழும் மழைநீர் சுண்ணாம்புக்கல்லை அரித்துக் குகையாக்கியது. இந்தப் பள்ளத்தையோ, ஒரு காலத்தில் இதுவரை ஏறி நின்ற கடல் அறுத்தது. சில இடங்களில் சிப்பி ஓடுகள் இன்னும் பாறையில் ஒட்டியிருக்கின்றன.

மதியம் ஹோவா லூ. 968இல் தின் தியென் ஹோவாங் தலைநகராக்கிய ஊர்; 1010இல் தலைநகர் இன்றைய ஹனோய்க்கு மாறியது. அந்த அரசருக்கும் அடுத்து வந்த லே தாய் ஹானுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில்கள். இரண்டு அரசர்களுக்கும் அரசியாக இருந்த ஸுவோங் வான் ங்கா இரண்டாவது கோயிலில் சிலையாக அமர்ந்திருக்கிறார். கூட்டம் இத்தோடு திரும்பிவிடும். நீங்கள் அருகிலுள்ள ‘ஒற்றைத்தூண்’ பகோடாவுக்கும் நடந்து போங்கள். அங்கே நிற்கும் எண்பட்டைக் கல்தூண் 995ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வடமொழித் தாரணி மந்திரத்தைச் சீன எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் கொஞ்சம் தெரியும். முதல் அரசரின் மகன் தின் லியென், தான் கொன்ற தம்பியின் ஆன்மா கரையேற வேண்டும் என்று இப்படி நூறு தூண்கள் நாட்டியதாக அவற்றின் பொறிப்புகளே சொல்கின்றன.

பாய் தின் இரண்டாம் நாள். 2003க்குப் பிறகு எழும்பிய புது வளாகம் எல்லாமே பிரம்மாண்டம்: 36 டன் மணி, 100 டன் வெண்கலப் புத்தர், நீண்ட தாழ்வாரத்தில் 500 அருகர் (ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகள்) சிலைகள். போகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவி, அருகர் சிலைகளின் கல் முழங்கால்கள் கறுத்து மினுங்குகின்றன. (தடவினால்தான் அருள் என்று எங்கும் சொல்லவில்லை.) மனம் நிற்கும் இடம் பழைய பாய் தின்தான். சுமார் 300 படி ஏறினால் ஒரு பக்கம் புத்தர் இருக்கும் வெளிச்சக் குகை, மறுபக்கம் அம்மனை வழிபடும் இருட்டுக் குகை. 12ஆம் நூற்றாண்டில் மூலிகை தேடி இங்கே வந்த துறவி ங்குயென் மின் கொங்குக்கும் சன்னிதி உண்டு. சந்திர நாட்காட்டியின் முதல் மூன்று மாதங்கள் திருவிழாக் காலம். அப்போது படியில் கால் வைக்க இடம் இருக்காது.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கோம் சாய்’ என்றால் சைவச் சாப்பாடு. ஆனால் இந்த ஊரின் பேர்போன பலகாரமும் ‘கோம் சாய்’தான்: பானையடியில் பிடித்த சோற்றை மொறுமொறுவென்று பொரித்து, பெரும்பாலும் ஆட்டிறைச்சிக் குழம்போடு வைப்பார்கள். எழுத்தில் வித்தியாசம் ஒரு சிறு கோடு, பேச்சில் குரல் ஏறும் விதம். நம் நாக்கில் இரண்டும் ஒன்றாகவே விழும். அதனால் வாயால் கேட்காமல் எழுதிக் காட்டுங்கள், ‘மீன் சாறு வேண்டாம்’ என்பதையும் சேர்த்து. வெறும் கீரைப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவது அங்கே நம் உப்பு மாதிரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஊர்க்காரர்களே சைவம் சாப்பிடுவதால் அன்று தேடுவது எளிது.

மூன்றாம் நாள் தாம் கோக். இங்கே படகைக் காலால் துடுப்புப் போட்டு ஓட்டுவார்கள். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஆற்றின் இரு கரையிலும் நெல் பழுத்து நிற்கும். துறையிலிருந்து இரண்டு கி.மீ. சைக்கிளில் போனால் பிக் டோங்: ஒரே குன்றில் கீழ், நடு, மேல் என்று மூன்று கோயில்கள். நடுக்கோயிலைத் தாண்டியதும் மேலே போகும் வழி குகைக்குள் நுழைகிறது. கல் படிகள் எப்போதும் ஈரம். ரப்பர் செருப்பு வழுக்கும். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும், மாலை நான்கு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள்.