நில உபயோக மாற்றம்: சிஎம்டிஏவில் ஃபைல் எங்கே நிற்கும், ஏன் நிற்கும்

நிலத்தின் ஸோனை, அதாவது குடியிருப்பு, வணிகம், வேளாண்மை என்று திட்டத்தில் குறித்திருக்கும் உபயோகத்தை மாற்றித் தரச் சொல்லி வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போகிறவர்கள் சென்னையில் இன்றும் உண்டு. அவரிடமோ மாநகராட்சியிடமோ அந்த அதிகாரம் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் இதை முடிவு செய்வது எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். 2008 செப்டம்பர் 2 அன்று அரசு ஒப்புதல் தந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் மாஸ்டர் பிளான்), 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின்படி செய்யும் திருத்தமாக அந்த மாற்றம் அரசிதழில் வரும்.

பட்டாவில் 'புன்செய்' என்று இருப்பது வருவாய்த் துறை கணக்கு. முழுமைத் திட்ட வரைபடத்தில் 'வேளாண் உபயோகம்' என்று இருப்பது திட்டக் கணக்கு. ஒன்று மாறினால் மற்றது தானாக மாறாது. மனை வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பட்டா, வில்லங்கச் சான்று, அ-பதிவேட்டு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகல், எஃப்எம்பி (சர்வே எண்ணின் புல வரைபடம்) இவற்றை வாங்கியதும் முதலில் எஃப்எம்பியைப் பிரித்து வைத்துப் பாருங்கள். வயல் எல்லையை ஒட்டியோ நடுவிலோ அளவு எழுதிய இரட்டைக் கோடு ஓடினால் அது வாய்க்காலாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். நேரில் போனால் சுவடே தெரியாது. கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அந்தக் கோட்டை விட்டுவிட்டு ஆர்க்கிடெக்ட் வரைந்த சைட் பிளானை நீர்வளத் துறை ஒரே பார்வையில் திருப்பி அனுப்பும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் தரைமட்டத்தையும், மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையும் விடாமல் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். வாய்க்காலைத் தெளிவாகக் காட்டி, அதன் அகலத்தை விட்டு மனையை வரைந்தால் ஃபைல் நகரும்.

உட்பிரிவு எண்ணும் காலை வாரும். திட்ட வரைபடம் பழைய சர்வே எண்ணில் இருக்கும், பட்டாவோ நான்காவது உட்பிரிவில் இருக்கும். நகரத்துக்குள் டவுன் சர்வே எண், பழைய எண் என்று இரண்டு வேறு. எந்தப் பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் பொருத்தப் பட்டியல் இல்லாமல் விண்ணப்பித்தால், உங்கள் மனையின் பாதி ஒரு ஸோனிலும் மீதி இன்னொன்றிலும் விழுவது கடைசியில்தான் தெரியும்.

அணுகு சாலையை வாசலில் மட்டும் அளக்காதீர்கள். பொதுச் சாலை வரைக்கும் நடந்து, எங்கே குறுகுகிறதோ அங்கே டேப் பிடித்துப் படம் எடுங்கள். வணிக ஸோன் கேட்கும் ஃபைலில் உண்மையான கேள்வி இதுதான்.

நிபுணர் குழு, ஆணையக் கூட்டம் என்று போகும் வழியில் நாளிதழில் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். நியாயம் என்று ஏதாவது நடக்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தில்தான் நடக்கும். அதையே பலரும் சடங்காக நினைக்கிறார்கள். 'எங்கள் ஏரியா கெட்டுவிடும்' என்று ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு எடை குறைவு. சர்வே எண், தெருவின் அகலம், மழைநீர் வடிகாலின் அளவு, பக்கத்துப் பள்ளி இவற்றோடு ஒருவர் எழுதிய ஒரு பக்கத்துக்கு அதிகாரி ஃபைலில் பதில் எழுதியாக வேண்டும். குறித்த நாளுக்குள் கொடுத்து, இன்வர்டு நம்பர் (அலுவலகம் போடும் வரவு எண்) போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு விளங்கவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, கள ஆய்வு அறிக்கையையும் கூட்டக் குறிப்பையும் கேளுங்கள்.

விண்ணப்பதாரருக்கும் அதே அளவுகோல்தான். நான்கு பக்கமும் வீடுகள் நிற்க, உங்கள் ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும் வணிகம் ஏன்? பக்கத்து மனைக்காரர் நாளை அதையே கேட்டால் கொடுக்க முடியுமா? இதற்குக் காரணம் காட்டாத கோரிக்கை கிடைத்தாலும் நீதிமன்றத்தில் தடுமாறும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்து ஃபைல்களில் கேள்விகள் இன்னும் கூடுதல். அவசரம் இல்லாதவர்கள், தயாராகும் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்குக் கருத்து எழுதிப் போடுவது மேல். தனி மனைக்கு அலைவதைவிடப் பகுதி முழுக்கப் பேசுவது எளிது.

அரசிதழில் வந்ததும் கட்டத் தொடங்க முடியாது. கட்டடத்துக்கான திட்ட அனுமதி தனி. அதற்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் பொருந்தும். அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் அரசிதழ் அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள்: உட்பிரிவு எண்ணில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் உடனே திருத்தம் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் திட்ட அனுமதி மேசையில் ஃபைல் மறுபடி நிற்கும்.