பனிமலைக்குப் போகிறவனுக்கு ஒரு சம்பளச் சீட்டு

போன ஆவணியில் என் ஆச்சி (அக்கா) மகன் காரைக்குடிக்கு வந்தான். காஷ்மீரில் குல்மார்க்கில் பனிச்சறுக்கு படித்து, இரண்டு குளிர்காலம் அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். "அம்மான், ஆஸ்திரேலியாவுல ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் பனி. கோச் வேலை இருக்கு" என்று ஒரு தாளை நீட்டினான். வெளியூர் ஏஜென்ட் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அவருக்கு மொத்தம் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கி, வேலையில் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாமாம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

டூரிஸ்ட் விசாவில் அங்கே வேலை பார்க்கவே கூடாது. 8101 என்ற நிபந்தனையே அதுதான். பிடிபட்டால் விசா ரத்து. அதைவிடப் பெரிய கஷ்டம், சம்பளம் பாக்கி வைத்தால்கூட வாய் திறந்து கேட்கப் பிள்ளை பயப்படுவான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இமைக்ரேட் தளத்தில் தேடினோம், அந்த ஏஜென்ட் பெயர் இல்லை. பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

அவனுக்கு ஏற்ற வழி 462 என்ற 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா. 18 முதல் 30 வயது வரை, பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடமாவது படித்திருக்க வேண்டும். இந்தியர்களுக்கு வருடம் 1,000 இடம், குலுக்கல் முறை. பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம்தான் வேலை பார்க்கலாம். பனிக்காலமே நாலு மாதம் என்பதால் அது தடையில்லை. குலுக்கலில் பெயர் வந்தது. ஆத்தா பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தார்கள்.

அன்று ராத்திரி பெட்டகத்தைத் திறந்து, ஐயாவின் அப்பச்சியுடைய சம்பளச் சீட்டை அவனிடம் காட்டினேன். பர்மாவில் மோல்மேனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆளாக, இருந்தவர். மூன்று வருடக் கணக்கு, சம்பளம் இவ்வளவு என்று கப்பல் ஏறுமுன்பே எழுதி வாங்கியிருக்கிறார். தாள் பழுத்துவிட்டது, எழுத்து இன்னும் அழியவில்லை. பையன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது ஒரு பனிமலைக் கம்பெனி அவனுக்கு வேலை தருவதாக எழுதியிருக்கிறது. அங்கே முழுநேர வேலை என்றால் வாரம் 38 மணி நேரம். இவனுக்குத் தருவதோ கேசுவல் வேலை, அதாவது இத்தனை மணி நேரம் என்று உறுதியில்லாத வேலை. மணிக்கூலியில் 25 சதவீதம் கூடுதல் உண்டு, சம்பளத்தோடு ஆண்டு விடுப்போ நோய் விடுப்போ கிடையாது. கூலியில் முதல் 45,000 டாலர் வரை 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். பனிச்சறுக்கு கோச்சுகளுக்குக் குறைந்தபட்சக் கூலி 'ஆல்பைன் ரிசார்ட்ஸ் அவார்ட் 2020' என்ற அந்நாட்டுக் கூலி விதிகளில் இருக்கிறது, அதையும் படித்துப் பார்க்கச் சொன்னேன்.

கேசுவல் என்பதால்தான் எனக்குக் கவலை. பனிப்புயலில் வகுப்பு நடக்காத நாளில் கூலி என்ன? காலையில் சீருடையோடு வந்து, ஆள் வருவார்களா என்று காத்து நிற்கும் நேரம் கணக்கில் சேருமா? தங்கும் அறை வாடகை சம்பளத்தில் கழியுமா, எவ்வளவு? மூன்றையும் மெயிலில் கேட்கச் சொன்னேன். "கேட்டா தப்பா நெனப்பாங்களோ அம்மான்" என்று தயங்கினான். இல்லப்பா, மரியாதையாக எழுது, பதிலையும் எழுத்திலேயே வாங்கு என்றேன்.

வாடகைக்கும் புயல் நாளுக்கும் தெளிவாகப் பதில் வந்துவிட்டது. காத்து நிற்கும் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறான். பதில் வரும்வரை டிக்கெட் போடவேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.